பொலோஞாவை நடந்து அறிவது: ஒரு பருவம் படிக்கச் செல்லும் மாணவருக்கு ஒரு பதில்

கேள்வி கேட்டவர் கோவையில் புள்ளியியல் முதுகலை படிக்கும் மாணவர். செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிவரை இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழகத்தில் பரிமாற்ற மாணவராகத் தங்கப் போகிறார். "அந்த ஊரை இரண்டு நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்கிறார்கள், ஐந்து மாதம் நடந்து பார்க்க அங்கே என்ன இருக்கிறது? வழிகாட்டிக்குக் கொடுக்கப் பணமில்லை, வரலாறும் படித்ததில்லை, எங்கிருந்து தொடங்குவது?" என்று அவர் கேட்டிருக்கிறார். ஆய்வுக்காக இரண்டு ஆண்டுகள் அந்த நகரத்தில் வாழ்ந்து, அதன் தெருக்களில் பெரும்பாலானவற்றைப் பல முறை நடந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் பெயர். நம் செய்தித்தாள்களில் 'போலோக்னா' என்று எழுதுகிறார்கள். அந்த ஊரார் சொல்லும் ஒலி நம் 'ஞா'வேதான். தமிழர் நாவுக்கு இயல்பாக வரும் ஒலியை விட்டுவிட்டு 'க்னா' என்று திணற வேண்டியதில்லை.

இரண்டு நாளில் பார்த்து முடிக்கலாம் என்று சொல்பவர்கள் பெரிய சதுக்கத்தையும் இரண்டு கோபுரங்களையும் ஒரு நீரூற்றையும் மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். அவை அழகானவைதான். ஆனால் அந்த நகரம் இன்றிருக்கும் உருவத்தைப் பெற்றதற்கு, வெளியூரிலிருந்து வந்து அறை தேடி அலைந்த மாணவர்கள் ஒரு முக்கியமான காரணம் என்பதை அறிந்துகொண்டு நடந்தால், ஐந்து மாதம் போதாது. பல்கலைக்கழகம் தன் தொடக்கமாகக் கொண்டாடும் ஆண்டு 1088. இந்த ஆண்டை 19-ஆம் நூற்றாண்டில் கவிஞர் ஜொசுவே கார்துச்சி தலைமையிலான குழு முடிவு செய்தது. 1888-இல் எண்ணூறாவது ஆண்டு விழாவை எடுப்பதற்கு ஒரு தொடக்கப் புள்ளி தேவைப்பட்டது. உண்மையில் ஒரு குறிப்பிட்ட நாளில் யாரும் அடிக்கல் நாட்டித் திறந்து வைத்த நிறுவனம் அன்று அது. உரோமச் சட்டத்தை விளக்கிச் சொல்லிக் கொடுக்க இர்னேரியுஸ் போன்ற ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களிடம் கேட்பதற்கு ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தும் இப்பாலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். அப்படி வந்தவர்கள் தங்கள் நாட்டாருடன் கூடிச் சங்கங்கள் அமைத்துக்கொண்டார்கள்; அந்தச் சங்கங்களின் கூட்டுக்குத்தான் 'யூனிவெர்சித்தாஸ்' என்று பெயர். தங்கள் தலைவரை மாணவர்களே தேர்ந்தெடுத்தார்கள். ஆசிரியர்களுக்குக் கூலி கொடுத்தவர்களும் அவர்களே. பிந்தி வந்தாலும், கடினமான பகுதியைத் தொடாமல் தாண்டிச் சென்றாலும் ஆசிரியருக்கு அபராதம் விதித்தார்கள். 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா, கல்விக்காகப் பயணம் செய்வோரைத் தம் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு ஓர் ஆணை பிறப்பித்தார். ஒருவர் வாங்கிய கடனுக்காக அவர் நாட்டைச் சேர்ந்த இன்னொரு மாணவரைப் பிடித்து வசூலிக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. அயலூரில் படிக்கப் போனவர்களின் அச்சம் எத்தகையது என்பதை அந்த ஒரு விதியே காட்டிவிடுகிறது. நகரத்தோடு பிணக்கு ஏற்பட்டால் மாணவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடவும் செய்தார்கள். 1222-இல் அப்படிப் போனவர்களால் உருவானதுதான் பாதுவா பல்கலைக்கழகம்.

இப்போது தெருவுக்கு வருவோம். இத்தனை பேர் வந்து சேர்ந்தால் தங்குவதற்கு இடம் வேண்டும் அல்லவா? மதிலுக்குள் நிலம் குறைவு. தெருவை அடைத்து வீடு கட்ட முடியாது. எனவே வீட்டுக்காரர்கள் மேல்தளத்தை மட்டும் உத்திரங்களின்மேல் தெருப்பக்கமாக நீட்டிக் கட்டினார்கள். நீட்சி பெரிதானபோது பாரம் தாங்கக் கீழே மரத்தூண்களை நட்டார்கள். மேலே வாடகைக்கு விட ஓர் அறை கூடியது. கீழே நிழலும் நடைபாதையும் கிடைத்தன. 'போர்ட்டிகோ' என்று அழைக்கப்படும் அந்தத் தூண் தாழ்வாரங்கள் பிறந்த கதை இதுதான். மற்ற நகரங்கள் இத்தகைய நீட்சிகளை ஆக்கிரமிப்பு என்று இடித்துத் தள்ளிய காலத்தில் பொலோஞா நேர் எதிரான முடிவை எடுத்தது: 1288-ஆம் ஆண்டுச் சட்டம், தெருவில் புதிதாகக் கட்டும் வீடுகள் தாழ்வாரத்தோடுதான் இருக்க வேண்டும், அதைப் பேணும் பொறுப்பு வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லாருடையது என்று வகுத்தது. உயரம் குறைந்தது ஏழு பொலோஞா அடி, அதாவது 2.66 மீட்டர், குதிரை மேல் வருபவர் தலை இடிக்காமல் போகும் அளவு. 1568-இல் மரத்தூண்களைச் செங்கல்லாலோ கல்லாலோ மாற்றும்படி ஆணை வந்தது. இன்று அந்தத் தாழ்வாரங்களை ஒன்றோடொன்று சேர்த்து அளந்தால் 62 கிலோமீட்டர். 2021-இல் யுனெஸ்கோ அவற்றின் பன்னிரண்டு பகுதிகளை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது.

நம் ஊர்த் திண்ணையை அறிந்தவருக்கு இது எளிதில் விளங்கும். இடம் வீட்டுக்காரருடையது, வழிப்போக்கர் வந்து உட்காரலாம், மழைக்கு ஒதுங்கலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். வேறுபாடு என்னவென்றால், நம்மிடம் வழக்கமாக இருந்ததை அவர்கள் சட்டமாக எழுதி எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் விடாமல் காத்திருக்கிறார்கள். எங்கள் தாத்தாவின் வீட்டுத் திண்ணை சாலை அகலப்படுத்தப்பட்டபோது போயிற்று என்பதால், இந்தத் தாழ்வாரங்களுக்குக் கீழே முதன்முதலாக நடந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை.

எனவே தொடக்கம் பெரிய சதுக்கத்தில் வேண்டாம். இரண்டு கோபுரங்களின் அடியில் தொடங்குங்கள். அங்கிருந்து கிழக்கும் தெற்குமாக ஐந்து தெருக்கள் விரித்த கைவிரல்களைப் போலப் பிரிந்து, பழைய மதிலின் வாசல்களை நோக்கிச் செல்கின்றன: சம்போனி, சான் வித்தாலே, ஸ்த்ராதா மஜ்ஜோரே, சாந்தோ ஸ்தெஃபானோ, காஸ்தில்யோனே. ஒவ்வொன்றும் இருபது நிமிட நடை. முதல் வாரத்தில் நாளுக்கு ஒரு விரலாகக் கோபுரத்திலிருந்து வாசல்வரை ஒரு பக்கத் தாழ்வாரத்தில் போய், மறுபக்கத் தாழ்வாரத்தில் திரும்பி வாருங்கள். வகுப்பு முடிந்த மாலை போதும். இந்த ஐந்தையும் நடந்தபின் நகரத்தின் வடிவம் காலில் பதிந்துவிடும். அதன்பின் கைபேசி வரைபடம் அரிதாகவே தேவைப்படும். வடிவத்தை இன்னும் உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிலின் சுற்றையும் நடக்கலாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதிலில் பெரும்பகுதியை இடித்துச் சுற்றுச்சாலை ஆக்கிவிட்டார்கள். வாசல்களில் பல மட்டும் வண்டிகளின் நடுவே தனித்து நிற்கின்றன. அந்தச் சுற்று அழகான நடை அன்று, இரைச்சல் மிகுந்தது. ஆனால் எது உள்ளூர், எது புறநகர் என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

நடக்கும்போது எதைப் பார்ப்பது என்பதற்கு ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். கீழே தரையைப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வாசற்பகுதியைத் தாமே பாவியதால், சில அடிகளுக்கொரு முறை தரையின் நிறமும் கல்லும் மாறும். அந்தக் கோடுதான் இரு வீடுகளின் எல்லை. சில இடங்களில் மெருகேற்றிய பளிங்குத் துணுக்குத் தரை, சில இடங்களில் சாதாரணக் கல், சில இடங்களில் தேய்ந்த செங்கல். அடுத்து தூணின் தலையைப் பாருங்கள். கல்லிலும் சுட்ட மண்ணிலும் இலைகளும் முகங்களும் குடும்பச் சின்னங்களும் இருக்கும். பிறகு மேற்கூரை. ஸ்த்ராதா மஜ்ஜோரேயில் காசா இஸொலானி என்ற 13-ஆம் நூற்றாண்டு வீட்டின் முன் நின்று அண்ணாந்து பார்த்தால், சுமார் ஒன்பது மீட்டர் உயரமுள்ள ஓக் மரத்தூண்கள் மேல்தளத்தைத் தாங்குவது தெரியும். 1568-ஆம் ஆண்டு ஆணைக்குத் தப்பிய சில மரத் தாழ்வாரங்களுள் அது ஒன்று. சட்டம் பிறந்த காலத்து மாணவர் மழைக்கு ஒதுங்கிய இடம் எப்படி இருந்திருக்கும் என்பதை அங்கே நின்றே உணரலாம். அதே தெருவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கி.மு. 187-இல் உரோமர்கள் போட்ட எமிலியா நெடுஞ்சாலையின் மேல்தான் அது கிடக்கிறது. நகரத்தைக் குறுக்காக வெட்டும் அந்த நேர்கோட்டின்மேல் இன்றும் பேருந்துகள் ஓடுகின்றன.

சம்போனி தெரு உங்கள் தெரு. பல்கலைக்கழகம் 1803 முதல் அங்கேதான் இருக்கிறது. போகும் வழியில் சான் ஜாக்கொமோ மஜ்ஜோரே கோவிலின் பக்கவாட்டில் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய தாழ்வாரம் ஒன்று உண்டு. நகரத்திலேயே அளவொழுங்கு மிகச் சிறந்தது அதுதான் என்பது என் கருத்து. 33-ஆம் எண்ணில் உள்ள போஜ்ஜி மாளிகையின் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு மதியம் ஒதுக்குங்கள். 18-ஆம் நூற்றாண்டில் எர்க்கொலே லெல்லியும், அன்னா மொராந்தியும் அவருடைய கணவரும் மெழுகால் செய்த மனித உடற்கூறு உருவங்கள் அங்கே இருக்கின்றன. மொராந்தி மெழுகில் தம்மையே, மூளையை அறுத்துக் காட்டும் ஆசிரியராகச் செய்துகொண்ட உருவம் ஒன்றும் உண்டு. பெண்கள் வகுப்பறைக்குள் நுழைவதே அரிதாக இருந்த காலத்தில் 1732-இல் இதே பல்கலைக்கழகம் லௌரா பாஸிக்குப் பட்டமும் பேராசிரியர் பதவியும் கொடுத்தது. அவர் இயற்பியல் கற்பித்தார். தெருவின் நடுவில் வரும் வெர்தி சதுக்கம் மாணவர் கூடும் இடம். பகலில் அமைதியாகவும் இரவில் மிகுந்த சத்தமாகவும் இருக்கும்; அங்கே அறை எடுப்பதற்கு முன் ஓர் இரவு போய்ப் பாருங்கள். அறை கிடைப்பதே கடினம் என்பதும் எழுநூறு ஆண்டுகளாக மாறவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் மாணவர் தரப்பிலும் நகரத்தின் தரப்பிலும் நியமித்த மதிப்பீட்டாளர்கள் வாடகையை நிர்ணயித்தார்கள். இன்று அப்படி யாரும் இல்லை என்பதால், புறப்படுவதற்கு முன்பே தேடத் தொடங்குங்கள்.

சம்போனி தெருவை ஒட்டியே, கோபுரங்களுக்கு அருகில், சில குறுகிய சந்துகள் உள்ளன. 16-ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவரின் ஆட்சி யூதர்களை அடைத்து வைத்த பகுதி அது. ஒரு சந்தின் பெயர் இன்றும் 'நரகத் தெரு'. 1593-இல் அவர்கள் நகரத்தை விட்டே இறுதியாக வெளியேற்றப்பட்டார்கள். அங்கே தாழ்வாரங்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள், வெளிச்சமும் குறைவு.

கோபுரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். 12-ஆம், 13-ஆம் நூற்றாண்டுகளில் செல்வக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டியவற்றில் ஏறத்தாழ இருபதுதான் எஞ்சியுள்ளன. அசினெல்லி 97 மீட்டர், உள்ளே 498 படிகள். அருகில் உள்ள கரிசெந்தா 48 மீட்டர், நிலம் இறங்கியதால் சாய்ந்துவிட, 14-ஆம் நூற்றாண்டிலேயே மேற்பகுதியை இறக்கிவிட்டார்கள். 2023 அக்டோபரில் கரிசெந்தாவின் அடித்தளம் குறித்து அச்சம் எழுந்து, சுற்றியுள்ள இடத்தை அடைத்துப் பலப்படுத்தும் பணியைத் தொடங்கினார்கள்; அசினெல்லியில் ஏறுவதும் அப்போது நிறுத்தப்பட்டது. பட்டம் வாங்குவதற்கு முன் அசினெல்லியில் ஏறினால் பட்டமே கிடைக்காது என்று அங்குள்ள மாணவர்கள் நம்புகிறார்கள். பலர் உண்மையாகவே ஏறுவதில்லை.

உங்களைப் போன்ற ஒருவர் இரண்டாம் மாதத்தில் செய்ய வேண்டிய நடை என்று நான் கருதுவது, பழைய ஆசிரியர்களையும் மாணவர்களையும் தேடிப் போவது. மேற்கே சான் ஃபிராஞ்செஸ்கோ கோவிலின் பின்புறம், வெட்ட வெளியில், தூண்களின்மேல் உயர்த்திய கல்லறைகள் நிற்கின்றன. கூரை பச்சை ஓடு வேய்ந்த பிரமிடு போன்றது. அக்குர்சியுஸ் முதலிய சட்ட உரையாசிரியர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மூலநூலின் ஓரத்தில் விளக்கம் எழுதியவர்கள். நம் மரபில் நச்சினார்க்கினியரையும் பரிமேலழகரையும் போன்றவர்கள் என்று எண்ணிக்கொள்ளலாம். மன்னர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் எழுப்பும் நினைவுச் சின்னத்தை உரையாசிரியர்களுக்கு எழுப்பிய ஊர் அது. அங்கிருந்து இடைக்கால அருங்காட்சியகத்துக்குப் போனால், 14-ஆம் நூற்றாண்டுப் பேராசிரியர்களின் கல்லறைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த புடைப்புச் சிற்பங்களைக் காணலாம். அவற்றில் ஆசிரியர் தனியே இல்லை; எதிரே ஏடு விரித்த மேசைகளில் மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஏட்டைப் பார்க்கிறார், ஒருவர் ஆசிரியரைப் பார்க்கிறார். ஓர் ஆசிரியரின் வாழ்வைச் சொல்ல அவருடைய வகுப்பறையைச் செதுக்கினால் போதும் என்று அந்தச் சிற்பிகள் நினைத்தது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பூட்டியது.

அதே நடையின் முடிவில் அர்க்கிஜின்னாசியோ. பல இடங்களில் சிதறிக் கிடந்த வகுப்புகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவர 1563-இல் கட்டி முடித்த மாளிகை அது. இன்று நகர நூலகம். முற்றத்திலும் படிக்கட்டுச் சுவர்களிலும் கூடங்களிலும் ஆயிரக்கணக்கான குடும்பச் சின்னங்கள் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. மாணவர் சங்கங்களில் பொறுப்பு வகித்தவர்களின் சின்னங்கள் அவை. பெயருக்குப் பக்கத்தில் ஊரும் இருக்கும். ஜெர்மானியர், போலந்துக்காரர், ஸ்பானியர் என்று தேடிப் படித்துப் பாருங்கள். இலத்தீன் தெரியாவிட்டாலும் ஊர்ப்பெயர்கள் ஓரளவு பிடிபடும். மாடியில் 1637-இல் மரத்தால் அமைத்த உடற்கூறு அரங்கம் இருக்கிறது. நடுவில் பளிங்கு மேசை, சுற்றிலும் படிப்படியாக உயரும் இருக்கைகள், ஆசிரியர் பீடத்தின் மேல்விதானத்தைத் தாங்கும் தோலுரித்த இரு மனிதர்களின் மரச்சிலைகள். 1944 ஜனவரி 29 அன்று விழுந்த குண்டில் அந்த அரங்கம் நொறுங்கியது. இடிபாடுகளிலிருந்து மரத்துண்டுகளையும் சிலைகளையும் பொறுக்கி எடுத்து, போருக்குப் பின் மீண்டும் அதேபோல் கட்டினார்கள். முற்றத்துக்குக் கட்டணம் இல்லை. மாடிக்குச் சிறு கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தைக் கொடுங்கள்.

அங்கிருந்து பெரிய சதுக்கம் சில அடிதான். சிற்பி ஜாம்போலோஞாவின் நெப்டியூன் நீரூற்றை எல்லாரும் படம் எடுப்பார்கள். நீங்கள் அதற்குப் பின்னால் உள்ள சுவரைப் பாருங்கள். பாசிச ஆட்சிக்கும் ஜெர்மானியப் படைக்கும் எதிராகப் போராடி உயிர்நீத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சிறு படங்கள் பெயரோடு அங்கே பதிக்கப்பட்டுள்ளன. பலர் உங்கள் வயதினர். நகரம் 1945 ஏப்ரல் 21 அன்று விடுதலை பெற்றது. அந்தச் சுவருக்கு உட்புறம் சாலா போர்சா என்ற பொது நூலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. உட்கார்ந்து படிக்கலாம். நடுக்கூடத்தின் கண்ணாடித் தரைக்குக் கீழே உரோமர் காலத்து அடித்தளங்கள் தெரியும். குளிர்காலத்தில் நடை நடுவே ஒதுங்க அதைவிட நல்ல இடம் இல்லை. ரயில் நிலையத்தையும் வெறுமனே கடந்து போகாதீர்கள். 1980 ஆகஸ்ட் 2 அன்று காத்திருப்பு அறையில் வைக்கப்பட்ட குண்டு 85 பேரைக் கொன்றது. விடுமுறைப் பயணத்தில் இருந்த அயல்நாட்டு இளைஞர்களும் அவர்களில் இருந்தார்கள். வெளிச்சுவர்க் கடிகாரம் அந்த நேரத்தில், 10:25-இல், நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அறையின் சுவரில் விழுந்த பிளவையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். முதல் நாள் பெட்டியோடு இறங்கும்போது நீங்கள் அதைப் பார்ப்பீர்கள். இறந்தவர்களின் பெயர்ப்பலகையைப் படிக்க இன்னொரு நாள் போங்கள்.

நடைமுறைச் செய்திகள் சில. கோவில்கள் பல நண்பகலில் மூடி மாலையில்தான் திறக்கும் என்பதால், உள்ளே பார்க்க வேண்டியவற்றைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு கோவில்கள் என்று பெயர் பெற்ற சாந்தோ ஸ்தெஃபானோவுக்குக் கூட்டமில்லாத நாளில், திறக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். நவம்பர் முதல் மூடுபனியும் தூறலும் இருக்கும். தாழ்வாரம் இருப்பதால் குடை அதிகம் வேண்டாம், ஆனால் ஈரச் செருப்போடு மெருகேறிய தரையில் கால் வைத்தால் வழுக்கும், எனவே பிடிப்புள்ள காலணி வாங்குங்கள். பியெல்லா தெருவில் ஒரு சிறு சன்னல் வழியாகக் கால்வாயைப் பார்க்க வரிசை நிற்கும். அதே நீரை அருகில் உள்ள ஒபெர்தான் தெருவின் பாலத்திலிருந்து நிற்காமலே பார்க்கலாம். ஒரு காலத்தில் மாவரைக்கும் ஆலைகளையும் பட்டு முறுக்கும் ஆலைகளையும் ஓட்டிய கால்வாய் அது. பெரும்பகுதியை 20-ஆம் நூற்றாண்டில் மூடிச் சாலை ஆக்கிவிட்டார்கள். உணவைப் பற்றி ஒரு வரி போதும்: பார்ப்பதைச் சதுக்கத்தை ஒட்டிய பழைய கடைச் சந்துகளிலும், வாங்குவதைப் புறச்சந்தைகளிலும் செய்தால் உதவித்தொகை மாதக் கடைசிவரை வரும்.

நல்ல வெயிலடிக்கும் அக்டோபர் நாள் ஒன்றைச் சான் லூக்கா குன்றுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். சரகோசா வாசலிலிருந்து குன்றின் உச்சியில் உள்ள மாதா கோவில்வரை 3.8 கிலோமீட்டர், 666 வளைவுகள், இடைவெளி இல்லாத ஒரே தாழ்வாரம். 1433-இல் விடாமல் பெய்த மழை பயிரை அழித்துக்கொண்டிருந்தபோது மாதாவின் படத்தைக் குன்றிலிருந்து ஊருக்குள் இறக்கிக் கொண்டுவந்தார்கள், மழை நின்றது என்று சொல்கிறார்கள். அன்று முதல் ஆண்டுதோறும் அந்த ஊர்வலம் நடக்கிறது. படத்தைச் சுமந்து வருபவர்கள் நனையாமல் இருக்க 1674-இல் இந்தத் தாழ்வாரத்தைத் தொடங்கினார்கள். தொழிற்சங்கங்களும் குடும்பங்களும் எளிய மக்களும் வளைவு வளைவாகச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். கொடுத்தவர் பெயர்களைச் சுவர்களில் படிக்கலாம். மெலொன்செல்லோ வளைவுவரை சமதரை. அதற்குப் பின் ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

இந்தக் குன்றுவழியில் நடக்கும்போது நமக்கு மட்டும் உரிய ஒரு நினைவு உண்டு. கொஸ்தான்சோ ஜூசெப்பே பெஸ்கி என்ற இளம் ஏசு சபைத் துறவி, தமிழ்நாட்டுக்குக் கப்பலேறுவதற்கு முன் பயிற்சி பெற்ற ஊர்களில் பொலோஞாவும் ஒன்று. 1710-இல் கோவாவில் வந்திறங்கி, மதுரைப் பணியில் சேர்ந்து, வீரமாமுனிவர் என்று பெயர் பெற்று, தேம்பாவணியும் சதுரகராதியும் இயற்றியவர் அவரே. 'எ'கரத்தையும் 'ஏ'காரத்தையும், 'ஒ'கரத்தையும் 'ஓ'காரத்தையும் எழுத்தில் வேறுபடுத்திய பெருமையையும் நம் மரபு அவருக்கே தருகிறது. அவர் அங்கே பயின்ற ஆண்டுகளில் இந்த மலைத் தாழ்வாரம் வளைவு வளைவாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அவருடைய சபையின் பெரிய கோவிலான சாந்தா லூச்சியா, காஸ்தில்யோனே தெருவில் முகப்பு முடிக்கப்படாத செங்கற்சுவரோடு நிற்கிறது. இப்போது அது பல்கலைக்கழகத்தின் பேரவைக் கூடம். உங்களுக்கு அங்கே ஏதேனும் விழா நிகழுமானால் தவறாமல் போங்கள். அங்கிருந்து படித்துவிட்டுத் தமிழுக்கு வந்தவர் ஒருவர். தமிழிலிருந்து அங்கே படிக்கப் போகிறவர் நீங்கள்.

இறுதியாக, இரண்டு நாள் பயணி எவ்வளவு பணம் கொடுத்தாலும் பார்க்க முடியாத ஒன்று, அதுவும் கணக்கில் ஈடுபாடுள்ள உங்களுக்கு ஏற்றது. பெரிய சதுக்கத்தில் உள்ள சான் பெத்ரோனியோ 1390-இல் தொடங்கி முகப்பு இன்றும் முடியாத பேராலயம். உள்ளே இடப்பக்கத் தரையில், தூண்களுக்கு இடையே மயிரிழையில் தப்பிச் செல்லும் ஒரு நேர்கோடு பதிக்கப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் வானியல் பேராசிரியராக இருந்த கசீனி 1655-இல் வகுத்த உச்சிக்கோடு அது. நீளம் சுமார் 67 மீட்டர், அதாவது பூமிச் சுற்றளவில் ஆறு இலட்சத்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ 27 மீட்டர் உயரத்தில் கூரையில் உள்ள சிறு துளை வழியாக விழும் சூரிய ஒளி வட்டம், உச்சிப் பொழுதில் அந்தக் கோட்டைக் கடக்கிறது. அந்த வட்டத்தின் அளவு ஆண்டு முழுவதும் எப்படிக் கூடிக் குறைகிறது என்று அளந்து, சூரியனிலிருந்து உள்ள தொலைவுக்கேற்பக் கோளின் வேகமும் மாறும் என்ற கெப்ளரின் கருத்துக்குச் சான்று சேர்த்தார் கசீனி. நீங்கள் செல்லும் செப்டம்பரின் மூன்றாம் வாரத்தில் கடிகாரம் ஒரு மணியைத் தாண்டிய சில நிமிடங்களில், துளையின் நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 27 மீட்டர் தொலைவில் ஒளி கோட்டைத் தொடும். அக்டோபர் இறுதியில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைத்தபின், உச்சிப் பொழுது நண்பகல் பன்னிரண்டை ஒட்டி வரும். பிப்ரவரியில் பன்னிரண்டரை ஆகிவிடும். வானம் தெளிந்த நாட்களில், பதினைந்து நாளுக்கு ஒரு முறை போய், ஒளி விழுந்த இடத்தைக் கோட்டின் ஓரத்தில் செதுக்கிய குறிகளோடு ஒப்பிட்டு எழுதி வாருங்கள். டிசம்பர் 21-ஐ ஒட்டி, நம் மார்கழியின் முதல் வாரத்தில், அது கோட்டின் மறுகோடிக்கே போய், நீண்டு வெளிறிய நீள்வட்டமாக விழும். அங்கே போய்ச் சேர மூன்று மாதத்தில் 40 மீட்டர் நடந்திருக்கும். பிறகு திரும்பும். நீங்கள் புறப்படும் பிப்ரவரி இறுதியில், வந்த வழியில் முக்கால் பங்கை அது திரும்ப நடந்து முடித்திருக்கும்.